கடைசி நாள் விலை

என் மக்காச்சோளம் பால் பிடிக்கிற சமயத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் துப்பாக்கி வெடிக்கத் தொடங்கினார். என் தொல்லை அதிலிருந்து ஆரம்பித்தது.

துப்பாக்கி என்றால் ஆளைச் சுடுவது இல்லை. இரண்டு முழ நீளத்தில் ஓர் இரும்புக் குழாய். உள்ளே கார்பைடு கல்லைப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பொத்தானை அமுக்கினால் சத்தம் மட்டும் வரும். குண்டு கிடையாது. காட்டுப் பன்றியை விரட்டுவதற்கென்றே செய்தது. சத்தியமங்கலத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் நாலு ஏக்கர். எங்களுக்கும் மலைக் காட்டுக்கும் நடுவே ஓர் ஓடைதான். போன வருஷம் நான் மஞ்சள் வைத்திருந்தேன். மஞ்சளைப் பன்றி சீண்டாது. இந்த வருஷம் கோழித் தீவனத்துக்கு நல்ல விலை போகிறது என்று நாலு ஏக்கரும் சோளமாகப் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு பத்து வருஷமாக விதைப்பதும் அறுப்பதும் நான் சொல்கிறபடிதான். யாரும் வந்து இதைப் போடு, அதைப் போடு என்று சொல்ல நான் விட்டதில்லை.

பக்கத்துத் தோட்டத்திலும் சோளம். அவர் வெடித்ததும் பன்றி அங்கிருந்து கிளம்பி வரப்பைத் தாண்டி என் சோளக் காட்டுக்குள் இறங்கிவிடும். காலையில் போய்ப் பார்த்தால் சோளத் தட்டு சாய்ந்து கிடக்கும். கதிரைக் கடித்துப் பாதி தின்று, மீதியைச் சேற்றில் மிதித்துவிட்டுப் போயிருக்கும். முழுசாகத் தின்றாலாவது பசி என்று நினைத்துக்கொள்ளலாம். பாதி தின்று எறிந்ததைப் பார்த்தால்தான் வயிறு எரியும்.

வரப்பில் நின்று அவரைக் கூப்பிட்டேன். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆனாலும் எனக்குத் தம்பிதான்.

"ஏனுங்க தம்பி, நீங்க வெடி போட்டா பன்னியெல்லாம் எந்தப் பக்கம் போவுதுன்னு பாக்கறீங்களா?"

"மலைக்குப் போயிருமுங்க அக்கா."

"மலைக்குத்தான் போவுது. போற வழியில என்ற சோளத்துல பந்தி போட்டு உக்காந்துட்டுப் போவுதுங்க."

அவர் சிரித்தார். "நீங்களும் ஒண்ணு வாங்கிப்போடுங்க அக்கா. போன வருசம் சத்தி டவுன்ல மூவாயிரத்துக்கு வாங்குனனுங்க. ரெண்டு பேரும் ஒட்டுக்கா வெடிச்சா அது எங்கீங்க போகும்?"

அன்றே பஸ் ஏறி அவர் சொன்ன கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, சரக்கு இல்லை என்றார். சொல்லி வைத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் வருமாம். பத்துப் பன்னிரண்டு நாளில் என் கதிர் முற்றிப்போகும். அதற்குள் பன்றி எவ்வளவு மிச்சம் வைக்கிறதோ அவ்வளவுதான் என்னுடையது. அதற்குப் பிறகு துப்பாக்கியை வைத்து நான் என்ன செய்வது, தீபாவளிக்கா வெடிப்பது?

அன்று சாயங்காலம் மருமகள் போன் செய்தாள். மகனும் அவளும் இருப்பது கோயமுத்தூரில்.

"அத்தை, அவிநாசி ரோட்டுல விவசாயக் கண்காட்சி போடறாங்க. வெள்ளிக்கெழமையிலிருந்து திங்கக்கெழமை வரைக்கும். நீங்க சொன்ன துப்பாக்கி அங்க வருதுங்களாம். என்ற கூட வேலை பாக்கறவங்க போன தடவை அங்க எடுத்த போட்டோவைக் காட்டுனாங்க."

"வெல எத்தனைன்னு கேட்டியா கண்ணு?"

"போட்டோவுல வெல தெரியலீங்க அத்தை. ஆளு தோள்ல வெச்சுப் பிடிச்சிருக்கறது மட்டுந்தான் தெரியுது."

வெள்ளிக்கிழமை காலையில் பையில் மூவாயிரத்து ஐநூறு ரூபாய் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மூவாயிரம் பொருளுக்கு. ஐநூறு போகவர. மருமகள் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கண்காட்சி வாசலில் நின்றாள். உள்ளே போகவே ஆளுக்கு ஐம்பது ரூபாய்ச் சீட்டு. பொருள் வாங்க வருகிறவளிடமே வாசலில் காசு வாங்குகிற கடையை நான் அதுவரை பார்த்ததில்லை. உள்ளே டீ இருபத்தைந்து ரூபாய். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து என்றால் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எண் எனக்கு நன்றாகத் தெரியும். வழியெல்லாம் விலைச் சீட்டைப் படித்துக்கொண்டே போனேன். எங்கள் ஊர்ச் சந்தையில் நூற்றுப் பத்துக்கு விற்கும் களைக்கொத்து அங்கே நூற்றெண்பது. அதே பட்டறை முத்திரை, அதே காம்பு.

துப்பாக்கிக் கடை ஒரு மூலையில் இருந்தது. மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி தனியாக நின்று விற்றுக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து நாற்பது வயது இருக்கும். கடையைச் சுற்றி நல்ல கூட்டம். ஒவ்வொருவராகத் துப்பாக்கியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். எடுத்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஒருவரும் விலை கேட்கவில்லை.

நான்தான் கேட்டேன். "இது எத்தனைங்க அம்மணி?"

"நாலாயிரத்து எண்ணூறுத்தா."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று மருமகளைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

அங்கேயே நின்று பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் போன் போட்டு, அவளுக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தேன். "தம்பி, நீங்க எத்தனைக்கு வாங்குனீங்க? சித்தச் சத்தமாச் சொல்லுங்க." அவர் மூவாயிரம் என்று கத்தினார். போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு முகம் மாறவில்லை. "மூவாயிரத்துக்குக் கெடைச்சா அங்கேயே வாங்கிக்கங்கத்தா. நான் வேணாம்னா சொல்றேன்?"

"அங்க இல்லீங்க. அதுக்குத்தான இத்தனை தூரம் வந்தேன்."

"அங்க இல்ல. இங்க இருக்கு. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்தில் கோபம் வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் வரும். "ஏனுங்க அம்மணி, ஒரே குழாய்தானுங்க. சத்தியில மூவாயிரத்துக்கு வெடிக்கறது கோயமுத்தூர் வந்தா நாலாயிரத்து எண்ணூறுக்குச் சத்தம் போடுமுங்களா?"

கூட்டத்தில் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். பிறகு என்னை ஓரமாக அழைத்துக்கொண்டுபோய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்கத்தா. நீங்க உக்கார்ற நாக்காலிக்கு நாலு நாளைக்கு வாடகை குடுத்திருக்கேன். மேசைக்குத் தனி. லைட்டுக்குத் தனி. இந்தப் பத்துக்குப் பத்து எடத்துக்கு நான் குடுத்த காசுல எங்க ஊருல ஒரு வருசம் கடை நடத்தலாம். சரக்கு ஏத்தி வந்த வண்டி, நான் தங்குற ரூமு, நீங்க வெளிய குடிச்ச அதே இருபத்தஞ்சு ரூவா டீ, எல்லாம் இந்தக் குழாய்லதான் வரணும். காலையிலருந்து இருநூறு பேரு இதைத் தூக்கிப் பாத்தாச்சு. வாங்குனது மூணு பேரு. போட்டோவுக்குக் காசு வாங்குனா நான் பொழச்சுக்குவேன்."

"அப்ப போட்டோ எடுத்துட்டுப் போறவங்களுக்கும் சேத்து நான் குடுக்கோணுமுங்களா?"

"வேற யாருகிட்ட வாங்குறது? அவுகளுக்குப் பன்னியும் இல்ல, சோளமும் இல்ல. அவசரம் உங்களுக்குத்தான இருக்கு."

இதை அவள் ஏளனமாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். அதனால்தான் எனக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. ஏமாற்றுகிறவளாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். கணக்கைப் பிரித்து முன்னால் வைக்கிறவளிடம் என்ன சொல்ல முடியும்? அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனாலும் அந்த நாற்காலி வாடகையும் லைட் வாடகையும் ஏன் என் தலையில் விடிய வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

"உங்களுக்காக இருநூறு கொறைச்சுக்கிறேன்த்தா. நாலாயிரத்து அறுநூறு. இதுக்கு மேல ஒத்த ரூவா முடியாது."

மருமகள் கையில் போனை எடுத்தாள். "அத்தை, வாங்கிக்கலாமுங்க. குறையற காசை நான் போன்லயே போட்டுடறேன்."

"நீ சும்மா இரு கண்ணு."

மருமகள் காசில் சாமான் வாங்கும் வழக்கம் எனக்கு இல்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று என் மனதில் இருந்தது. அதை அங்கே வைத்து அவளிடம் சொல்லவில்லை. பஸ் நிலையத்துக்குப் போகும்போதுதான் சொன்னேன்.

"கடைசி நாள் வந்து வாங்குவோம். திங்கக்கெழமை மத்தியானத்துக்கு மேல பாரு, மூவாயிரத்துக்கு அவளே கூப்பிட்டுக் குடுப்பா."

இதை நான் எங்கே கற்றேன் என்றால் அந்தியூரில். ஆடி மாதம் அங்கே கூடும் மாட்டுச் சந்தைக்கு வீட்டுக்காரரோடு வருஷம் தவறாமல் போயிருக்கிறேன். அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். ஒரு துண்டைப் போட்டு, அதற்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேசுவார்கள். பெண்கள் அதில் கை வைக்க முடியாது. நான் பக்கத்தில் நின்று மாட்டை மட்டும் பார்ப்பேன். ஆனால் என்றைக்கு வாங்குவது என்று சொல்வது நான்தான். முதல் நாள் கேட்கக் கூடாது. விற்கிறவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். கடைசி நாள் மத்தியானம் வரை விட வேண்டும். கொண்டு வந்த தட்டும் தவிடும் அதற்குள் தீர்ந்திருக்கும். விற்காத மாட்டை மைசூர்ப் பக்கம் வரை நடத்திக்கொண்டு போக வேண்டும். வழியெல்லாம் தீனி, தண்ணீர். அந்த நேரத்தில் போய் நின்றால் துண்டுக்கடியில் விரல் தானாக மடங்கும். அப்படித்தான் ஒரு வருஷம் ஒரு ஜோடி காளையை மூன்றில் ஒரு பங்கு விலை குறைத்து வாங்கினோம். வழியெல்லாம் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் பேரம் பேசி வந்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் காட்டுக்குப் போனேன். ஓடைப் பக்கம் பத்து சென்ட் சாய்ந்து கிடந்தது. முந்தின நாள்களைவிட அதிகம். மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆயிரத்து அறுநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போகிறோம், பத்து சென்ட் போனால் போகட்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னொரு பத்து. குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சேற்றில் சின்னச் சின்னக் குளம்புத் தடம். விருந்துக்கு வருவதுபோல் குடும்பத்தோடு வந்து போயிருக்கிறது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பில் நின்று, "வாங்கலீங்களா அக்கா?" என்றார்.

"திங்கக்கெழமை வாங்கிருவேனுங்க."

"திங்கக்கெழமை வரைக்கும் பன்னிகிட்ட சொல்லி வெச்சிருக்கீங்களா?"

வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. ஒரு கதிருக்கு எத்தனை மணி, ஒரு சென்டுக்கு எத்தனை கதிர் என்று தலைக்குள் ஓடியது. இருந்தும் மனம் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று எழுந்து வந்தவள் ஞாயிற்றுக்கிழமை போய் அதே விலைக்கு நின்றால் அது என்ன பேச்சு?

திங்கட்கிழமை காலையில் இன்னும் பத்து சென்ட் போயிருந்தது. போகிற பஸ்ஸுக்கும் வாசல் சீட்டுக்கும் சில்லறை போக, பையில் மூவாயிரத்து ஐநூறும், இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் தனியாக இன்னொரு ஆயிரத்து ஐநூறும் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சுருக்குப் பையைத் தொடப் போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொடுவதற்கு இல்லையென்றால் எதற்கு எடுத்து வந்தாய் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. மறுபடியும் இரண்டு மணி நேரப் பயணம். மறுபடியும் ஐம்பது ரூபாய்ச் சீட்டு. மருமகள் மறுபடியும் விடுப்பு எடுத்திருந்தாள். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்குக் குத்தியது.

உள்ளே போனதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. கொய்யாக் கன்று விற்றவர் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று கூவிக்கொண்டிருந்தார். பூச்செடிக்காரர் பாதி விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். "பாத்தியா கண்ணு, எறங்கிருச்சு," என்றேன் மருமகளிடம்.

துப்பாக்கிக் கடையில் கூட்டம் இல்லை. மேசையில் இரண்டு துப்பாக்கிதான் மீதி. அந்தப் பெண் அட்டைப் பெட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாங்கத்தா. சோளம் இருக்கா?"

"இருக்குதுங்க. இன்னைக்கு வெல எத்தனைங்க?"

"நாலாயிரத்து எண்ணூறு."

"வெள்ளிக்கெழமையே நாலாயிரத்து அறுநூறுன்னு சொன்னீங்களே?"

"அன்னைக்கு இருபது பீஸு இருந்துச்சு. இன்னைக்கு ரெண்டுதான். வெள்ளிக்கெழம சொன்ன வெல வெள்ளிக்கெழமைக்குத்தா."

நான் என் கடைசிப் பேச்சை எடுத்தேன். "இன்னிக்குச் சாயங்காலம் கடையைக் கட்டறீங்க. இதை மறுபடியும் மதுரை வரைக்கும் தூக்கிட்டுப் போகோணுமில்லீங்களா? அதுக்குப் பதிலா மூவாயிரத்துக்கு எங்கிட்டக் குடுத்துட்டா உங்களுக்கும் பாரம் கொறையும்."

அவள் கட்டுகிற கயிற்றை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மதுரைக்கு ஏந்தா போகணும்? வர்ற வெள்ளிக்கெழம திருச்சியில ஸ்டாலு. அதுக்கடுத்த வாரம் சேலம். இது என்ன மாடாத்தா, போற வழியில தீனி கேக்குறதுக்கு? பொட்டியில போட்டா பேசாமக் கெடக்கும். அங்க ஒரு ஆத்தா சோளத்தோட வருவாக."

மாடா என்று அவள் கேட்டது ஒரு பேச்சுக்குத்தான். அந்தியூர்க் கதையை அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் யாரோ என் காதைப் பிடித்துத் திருகியதுபோல் இருந்தது. கன்றுக்காரருக்குக் கன்று வாடும். பூச்செடிக்காரருக்குப் பூ உதிரும். இரும்புக் குழாய் வாடாது, உதிராது, பசி என்று கத்தாது. மூன்று நாளாகத் தீனி தின்றது அவள் பக்கத்தில் எதுவும் இல்லை. தின்றதெல்லாம் என் பக்கத்தில். கடைசி நாள் மத்தியானத்தில் விரல் மடங்கிப்போய் நின்றவள் நான். இத்தனை வருஷம் சந்தை பார்த்தவளுக்கு இது தெரியாமல் போய்விட்டதே என்று எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

மருமகள் மெதுவாக, "நான் போடட்டுமுங்களா அத்தை?" என்றாள்.

"வேண்டாம் கண்ணு."

திரும்பி நின்று சுருக்குப் பையை அவிழ்த்தேன். நாலாயிரத்து எண்ணூறை எண்ணி மேசையில் வைத்தேன். அந்தப் பெண் மறுபடி எண்ணவில்லை. அது ஒன்றுதான் எனக்கு அன்றைக்குக் கிடைத்த மரியாதை. துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றிக் கயிறு போட்டுக் கொடுத்தாள். கார்பைடு கல் ஒரு டப்பா இலவசமாகத் தருவாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்கும் இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டாள். ஐயாயிரம் அதோடு முடிந்தது. ஊர் திரும்ப பஸ்ஸுக்கு மருமகள்தான் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல என் கையில் வேறு காசு இல்லை. அவள் நூறு ரூபாய் நோட்டை மடித்து என் பைக்குள் வைத்தாள். நல்ல பெண். அன்றைக்குப் பார்த்து அவள் அவ்வளவு நல்லவளாக இருந்திருக்க வேண்டாம்.

பஸ்ஸில் கண்டக்டர் போர்வைச் சுற்றைப் பார்த்து என்ன என்று கேட்டார். பன்றித் துப்பாக்கி என்றேன். "எத்தனைங்கம்மா?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊர் வந்து சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வீட்டுக்குள் போகாமல் நேராகக் காட்டுக்குப் போனேன். ஓடைப் பக்கம் முப்பது சென்ட் பாய் விரித்ததுபோல் கிடந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்னைப் பார்த்து வரப்புக்கு வந்தார். போர்வையை அவிழ்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னுதேதானுங்க அக்கா. அதே சாமான். எத்தனைக்கு முடிச்சீங்க?"

மூவாயிரத்து இருநூறு என்று சொல்லலாம் என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன். அந்த முப்பது சென்டுக்கு முன்னால் நின்றுகொண்டு அது வாயில் வரவில்லை.

"நாலாயிரத்து எண்ணூறுங்க தம்பி. அதுபோக அங்க பாருங்க, கீழ கெடக்குதே, அதுவும்."

அவர் கேலி செய்வார் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. பொத்தானை எப்படி அமுக்குவது, முகத்தை எப்படித் தள்ளி வைத்துக்கொள்வது என்று காட்டினார். முதல் வெடியை நானே போட்டேன். ஓடைக்கரை மரத்திலிருந்த மயிலெல்லாம் கத்திக்கொண்டு பறந்தது. தோள் அதிர்ந்தது. சத்தம் நன்றாகத்தான் இருந்தது. அந்த விலைக்கு இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம்.

"இனி நீங்க தனியா வெடிக்கக் கூடாதுங்க தம்பி," என்றேன். "நேரம் சொல்லுங்க. நானும் அதே நேரத்துக்குப் போடறேன். ஒருத்தர் விட்டு ஒருத்தர் போட்டா அது நம்ம ரெண்டு பேரு காட்டுக்கும் நடுவுல நடந்துட்டே இருக்கும்."

"சரிங்க அக்கா. நீங்க ஓடைக் கோடியில நில்லுங்க. நான் இந்தக் கோடியில. மலைப் பக்கம் மட்டும் வழி விடலாம்."

"ஓடைக் கோடியில நீங்க நில்லுங்க. அங்க எனக்கு இனிக் காக்கறதுக்கு ஒண்ணுமில்லை."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் துப்பாக்கியை எடுக்கப் போனார். நான் நிற்கிற சோளத்தின் பக்கம் போய், காயாத கதிர் ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தேன். பால் வந்தது. முற்ற இன்னும் எட்டு நாள்.